இது நிஜக் கணினியா, விர்ச்சுவல் மெஷினா? கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பில்லிங் மென்பொருள் நடத்தும் நண்பர் ஒருவர் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டார். மாத வாடகைக்கு "தனி சர்வர்" ஒன்றை எடுத்திருந்தார். சாயங்காலமானால் டேட்டாபேஸ் நொண்டுகிறது, காரணம் பிடிபடவில்லை. எதையெதையோ தோண்டிக்கொண்டிருந்தபோது மதர்போர்டு மாடல் என்ற இடத்தில் ஒரு வரி கண்ணில் பட்டிருக்கிறது: "ஸ்டாண்டர்ட் பிசி, ஐ440எஃப்எக்ஸ் + பிஐஐஎக்ஸ், 1996".

"என்னடா இது, 1996-ம் வருஷத்து போர்டையா என் தலையில் கட்டியிருக்கிறான்?"

பழைய போர்டை யாரும் கட்டவில்லை. அங்கே போர்டே இல்லை. க்யூஎமு என்ற மென்பொருள், இன்டெல் 1996-இல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சிப்செட்டைப் போலவே நடித்துக்கொண்டிருந்தது. அவர் வாடகை கொடுத்தது ஒரு முழு இயந்திரத்துக்கு. கையில் கிடைத்தது ஒரு பெரிய இயந்திரத்தில் ஒரு துண்டு. அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஒரே வன்பொருளைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனிக் கணினியாகக் காட்டுகிறது. துண்டுக்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம். உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு கெஸ்ட் என்றும் தாங்கும் இயந்திரத்துக்கு ஹோஸ்ட் என்றும் பெயர். ஐபிஎம் 1960-களிலேயே தன் பெரிய கணினிகளில் இதைச் செய்துவிட்டது. சாதாரண பிசியில் இது பரவலானது 1999-இல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் வந்த பிறகு.

1974-இல் பொப்பெக், கோல்ட்பர்க் என்ற இருவர் வி.எம். எப்படி இருக்கவேண்டும் என்று இலக்கணம் வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரலுக்கு, நிஜ மெஷினில் ஓடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்பது அதில் ஒன்று. விதிவிலக்கு இரண்டு: ஒரு வேலைக்கு ஆகும் நேரம், கைக்குக் கிடைக்கும் வளங்களின் அளவு.

அப்படியானால் கண்டுபிடிப்பது கஷ்டமாயிற்றே என்று தோன்றும். நடைமுறையில் தலைகீழ். இன்றைய ஹைப்பர்வைசர்கள் ஒளிவதே இல்லை. வாசலில் பெயர்ப்பலகை மாட்டி வைக்கின்றன. தான் வி.எம்.-இல் இருப்பது கெஸ்ட்டுக்குத் தெரிந்தால்தான் அதற்கேற்ற டிரைவர்களையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு வேகமாக ஓடும். ஆகவே நம் வேலையில் முக்கால்வாசி, பலகை எங்கெங்கே தொங்குகிறது என்று தெரிந்துகொண்டு போய் வாசிப்பதுதான். ஆனால் பலகையை யாராவது கழற்றவும் செய்யலாம். பலகை இருந்தும் வீடு வேறாக இருக்கும் ஒரு விசித்திரமும் விண்டோஸில் உண்டு. அந்த இரண்டு இடத்திலும்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கவேண்டும். லினக்ஸில் முதல் நாலைந்து எழுத்தை அடித்து டேப் விசையை இருமுறை தட்டினால், பொருந்தும் கட்டளைகளை அதுவே பட்டியல் போடும். எழுத்துக்கூட்டில் சந்தேகம் வந்தால் அதை நம்புங்கள்.

படி 1: விண்டோஸில் டாஸ்க் மேனேஜர்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியு-வைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்துக்குக் கீழே சில விவரங்கள் இருக்கும்.

வி.எம். என்றால் அங்கே "விர்ச்சுவல் மெஷின்: யெஸ்" என்று நேராகவே எழுதியிருக்கும். பக்கத்தில் "விர்ச்சுவல் பிராசஸர்ஸ்" என்று ஓர் எண். நிஜ மெஷின் என்றால் அதற்குப் பதிலாக கோர், லாஜிக்கல் பிராசஸர் என்ற எண்ணிக்கைகளும், "விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்" அல்லது "டிஸேபிள்ட்" என்ற வரியும் வரும்.

இந்த எனேபிள்ட் என்ற வார்த்தையைப் பார்த்து, "ஐயோ, நான் வி.எம்.-இல் இருக்கிறேன்" என்று பதறுகிறவர்கள் நிறைய. அது சொல்வது வேறு. இந்த பிராசஸரில் நீங்கள் வி.எம்.-களை ஓட்டலாம், பயாஸில் (கணினியைத் துவக்கிவிடும் அடிப்படை மென்பொருளில்) அந்த வசதி திறந்திருக்கிறது என்று பொருள். மாடியில் வாடகைக்கு விட அறை கட்டியிருப்பது வேறு, நீங்களே வாடகைக்குக் குடியிருப்பது வேறு.

விண்டோஸ் 8 முதல் இந்த வசதி உண்டு. அவசரத்துக்கு இது ஒன்றே பெரும்பாலும் போதும்.

படி 2: தயாரிப்பாளர் பெயரும் மாடலும்

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடியுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறக்கும். சிஸ்டம் மேனுஃபேக்சரர், சிஸ்டம் மாடல், பயாஸ் வெர்ஷன் ஆகிய மூன்று வரிகள்தான் வேண்டும். டெல், லெனோவோ, எச்பி என்று வழக்கமான பெயரும், அந்த கம்பெனியின் நிஜ மாடலும் இருந்தால் வன்பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். வி.எம். என்றால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று வரும்.

விர்ச்சுவல்பாக்ஸில் தயாரிப்பாளர் பெயர் "இன்னோடெக் ஜிஎம்பிஎச்". ஆரக்கிள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். விர்ச்சுவல்பாக்ஸை முதலில் எழுதியது இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம். அதை 2008-இல் சன் வாங்கியது. சன்னை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. கை இரண்டு மாறியும் வாசல் பலகையை யாரும் மாற்றவில்லை.

விஎம்வேரில் "விஎம்வேர், இங்க்." என்ற பெயரும் "விஎம்வேர் விர்ச்சுவல் பிளாட்ஃபார்ம்" என்ற மாடலும் இருக்கும். பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ முறையில் துவங்கும் வி.எம். என்றால் மாடல் "விஎம்வேர்7,1", "விஎம்வேர்20,1" என்பதுபோல் இருக்கும்.

க்யூஎமு அல்லது கேவிஎம் (லினக்ஸிலேயே உள்ள ஹைப்பர்வைசர்) என்றால் பெயர் "க்யூஎமு", மாடல் நம் நண்பர் பார்த்த 1996 வரி, அல்லது "ஸ்டாண்டர்ட் பிசி, க்யூ35 + ஐசிஎச்9, 2009". பயாஸ் இடத்தில் "ஸீபயாஸ்" என்று இருந்தாலும் அதே கதைதான். அந்தப் பெயரில் மதர்போர்டு விற்கும் கடை எதுவுமில்லை.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி என்றால் தயாரிப்பாளர் "மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்", மாடல் "விர்ச்சுவல் மெஷின்". இங்கே மாடலையும் சேர்த்துப் பார்ப்பது கட்டாயம். சர்ஃபேஸ் மடிக்கணினியின் தயாரிப்பாளரும் மைக்ரோசாஃப்ட்தானே! பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஸ்கிரிப்டுகள் சர்ஃபேஸைக் கண்டால் தப்பாகச் சொல்லிவிடும்.

கிளவுடிலும் இதே இடத்தில்தான் பலகை. கூகுளில் "கூகுள் கம்ப்யூட் எஞ்சின்", டிஜிட்டல்ஓஷனில் "டிராப்லெட்", அமேசானில் "அமேசான் இசி2" என்று இருக்கும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூர் மட்டும் ஹைப்பர்-வி சொல்வதையே சொல்லும். உங்கள் அலுவலகத்து ஹைப்பர்-வியா அஸூரா என்று பிரித்துப் பார்க்க, சேஸிஸ் அசெட் டேக் என்ற புலத்தைப் பாருங்கள். 7783-7084-3265-9085-8269-3286-77 என்று இருந்தால் அஸூர். ஏதோ சீரியல் எண் மாதிரி தெரிகிறது, இல்லையா? இரண்டிரண்டு இலக்கமாக வெட்டி ஒவ்வொன்றையும் ஆஸ்கி எழுத்தாக மாற்றிப் பாருங்கள்: 77 எம், 83 எஸ், 70 எஃப், 84 டி... முழுவதும் முடித்தால் "எம்எஸ்எஃப்டி அஸூர் விஎம்" என்று வரும். இதை வைத்த பொறியாளருக்குக் குறும்பு ஜாஸ்தி.

பவர்ஷெல் பழக்கமிருந்தால் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் என்ற கட்டளையோடு வின்32_கம்ப்யூட்டர்சிஸ்டம் என்று கொடுத்தால் இதே தயாரிப்பாளர் பெயரும் மாடலும் வரும். பழைய கட்டுரைகள் சொல்லும் டபிள்யூஎம்ஐசி கட்டளை புதிய விண்டோஸ் 11-இல் இயல்பாக இருப்பதில்லை. அதைத் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

விண்டோஸின் பெரிய பொறி

சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் கடைசி வரைக்கும் இறங்கிப் போனால் சில மெஷின்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: "ஒரு ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டுள்ளது, ஹைப்பர்-விக்குத் தேவையான அம்சங்கள் காட்டப்படமாட்டா." கடையில் வாங்கி, பெட்டி பிரித்து, மடியில் வைத்திருக்கும் லேப்டாப்பிலும் இது வரும். பொய்யும் இல்லை.

காரணம் இதுதான். ஹைப்பர்-வியை நீங்கள் இயக்கினால், அது விண்டோஸுக்கு மேலே போய் உட்காராது. கீழே போய் உட்காரும். துவங்கும்போதே ஹைப்பர்வைசர் வன்பொருளைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் அன்றாட விண்டோஸும் அதன்மேல் "ரூட் பார்ட்டிஷன்" என்ற சலுகை பெற்ற இடத்தில் ஓடத் தொடங்கும். நீங்கள் ஹைப்பர்-வியைத் தொட்டதே இல்லை என்றாலும் இது நடக்கலாம். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 போட்டிருந்தால் போதும். மெமரி இன்டக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி இயங்கினாலும் போதும். விண்டோஸ் 11 புதிதாக நிறுவிய மெஷின்களில் அது பெரும்பாலும் தானாகவே இயங்குகிறது.

ஆகவே பவர்ஷெல்லில் "ஹைப்பர்வைசர்ப்ரெசென்ட்: ட்ரூ" என்று வந்தாலோ, ஏதோ ஒரு மென்பொருள் "ஹைப்பர்வைசர் இருக்கிறது" என்று கூவினாலோ, உடனே வி.எம். என்று முடிவு கட்டாதீர்கள். அதே திரையில் "விர்ச்சுவலைசேஷன்-பேஸ்ட் செக்யூரிட்டி" என்ற வரி "ரன்னிங்" என்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் பெயர் நிஜ கம்பெனியாகவும், டாஸ்க் மேனேஜரில் "விர்ச்சுவல் மெஷின்: யெஸ்" இல்லாமலும் இருந்தால், அது நிஜ மெஷின்தான், அடியில் ஹைப்பர்வைசர் படுத்திருக்கிறது, அவ்வளவே. கேள்வியைச் சரியாகக் கேட்கவேண்டியது இங்கேதான். "ஹைப்பர்வைசர் இருக்கிறதா" என்பதும் "நான் ஒரு கெஸ்ட்டா" என்பதும் வேறு வேறு கேள்விகள்.

படி 3: லினக்ஸ்

லினக்ஸில் வேலை சுலபம். சிஸ்டம்டி என்ற நிர்வாக மென்பொருள் உள்ள எந்த விநியோகத்திலும், அதாவது உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றிலும், சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்று அடியுங்கள். ரூட் அனுமதி, அதாவது நிர்வாகி உரிமை, தேவையில்லை. ஒரே வார்த்தையில் பதில் வரும்: கேவிஎம், விஎம்வேர், ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட், ஸென், அமேசான் என்று ஏதாவது ஒன்று. "நன்", அதாவது ஒன்றுமில்லை என்று வந்தால் நிஜ மெஷின் என்பது அதன் கணிப்பு. ஸ்கிரிப்டில் சேர்க்கிறவர்களுக்கு: ஏதாவது கண்டால் வெளியேறும் குறி 0, காணாவிட்டால் 0 அல்லாத எண்.

ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையும் போட்டுப் பாருங்கள். வி.எம். என்றால் சேஸிஸ் வரியில் "விஎம்" என்றும் தனியாக விர்ச்சுவலைசேஷன் என்ற வரியும் இருக்கும். நிஜ மெஷினில் சேஸிஸ் "லேப்டாப்", "டெஸ்க்டாப்", "சர்வர்" என்று இருக்கும்.

அடுத்து எல்எஸ்சிபியு. இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. "விர்ச்சுவலைசேஷன்: விடி-எக்ஸ்" என்ற வரி பிராசஸரின் திறமையைச் சொல்கிறது, டாஸ்க் மேனேஜரின் எனேபிள்ட் கதையேதான். நீங்கள் தேடவேண்டியது "ஹைப்பர்வைசர் வெண்டர்" என்ற வரி. அது இருந்தால் கீழே ஹைப்பர்வைசர் இருக்கிறது. வி.எம்.-க்குள் வி.எம். ஓட்ட அனுமதித்திருந்தால் இரண்டு வரியுமே வரும்.

இரண்டு கருவிகள் முரண்பட்ட பதில் சொல்வதும் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் கெஸ்ட் போட்டால் எல்எஸ்சிபியு "கேவிஎம்" என்று சொல்லும். சிஸ்டம்டியின் கருவியோ "ஆரக்கிள்" என்று சொல்லும். எதுவும் கோளாறு இல்லை. லினக்ஸுக்கு ஏற்கெனவே பரிச்சயமான கேவிஎம்-இன் இடைமுகத்தை விர்ச்சுவல்பாக்ஸ் கடன் வாங்கிக் காட்டுகிறது. எல்எஸ்சிபியு பிராசஸரைக் கேட்டது, மற்றது மதர்போர்டு பெயரை முதலில் கேட்டது. இப்படிப் பெயரில் இடித்தால் மதர்போர்டு சொல்வதை நம்புங்கள்.

அந்தப் பெயரை நேராகவே பார்க்கலாம். சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் டிஎம்ஐ, அதற்குள் ஐடி. அங்கே சிஸ்_வெண்டர், ப்ராடக்ட்_நேம், சேஸிஸ்_அசெட்_டேக் என்ற கோப்புகள் இருக்கும். கேட் கட்டளையால் திறந்தால் படி 2-இல் சொன்ன பெயர்கள் அப்படியே வரும்.

ரூட் அனுமதி இருந்தால் டிஎம்ஐடிகோட் கட்டளையில் நினைவகப் பகுதியைப் பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. நிஜ சர்வரில் எந்த ஸ்லாட்டில் எந்த கம்பெனியின் ரேம், எத்தனை ஜிபி, என்ன வேகம், என்ன சீரியல் எண் என்று பக்கம் பக்கமாக வரும். க்யூஎமு கெஸ்ட்டில் தயாரிப்பாளர் "க்யூஎமு", வகை வெறும் "ரேம்", வேகம் "அன்னோன்". கடன் வாங்கிய நகையில் கடை முத்திரை கேட்டால் முழிப்பதுபோல முழிக்கும். வெப்பநிலை சென்சார்கள், விசிறி வேகம் ஆகியவையும் கெஸ்ட்டில் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

விர்ட்-வாட் என்று இன்னொரு கருவி உண்டு. தனியாக நிறுவவேண்டும், ரூட் அனுமதியும் வேண்டும். அமேசான் கிளவுட், ஸென் என்று பல அடுக்குகளை வரிக்கு ஒன்றாகச் சொல்லும். அதன் கையேட்டில் உள்ள நேர்மை எனக்குப் பிடிக்கும். ஒன்றும் அச்சிடாமல் முடிந்தால், நிஜ மெஷினாக இருக்கலாம், அல்லது தனக்குத் தெரியாத வகை வி.எம்.-ஆகவும் இருக்கலாம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. அது மட்டுமல்ல, இந்தக் கருவியைப் பயன்படுத்துவது பெரும்பாலும் தவறு, உங்களுக்கு எந்த வசதி வேண்டுமோ அது இருக்கிறதா என்று நேராகப் பாருங்கள் என்றும் அறிவுரை சொல்கிறது. தன் கடைச் சரக்கை வாங்காதே என்று சொல்லும் கடைக்காரர்!

ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் போர்டுகளில் டிஎம்ஐ கோப்புறையே இருக்காது. அங்கே ப்ராக் கோப்புறையில் டிவைஸ்-ட்ரீ, அதில் மாடல் என்ற கோப்பைப் பாருங்கள். போர்டின் பெயர் இருக்கும்.

கன்டெய்னர் வி.எம். இல்லை

டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித் தடுப்புக்குள் ஓட்டும் கருவி. அதற்குள் இருந்துகொண்டு சோதித்தால் "டாக்கர்" என்று பதில் வரும். கன்டெய்னருக்குத் தனி கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, கிடையாது. ஹோஸ்ட்டின் கெர்னலையே பகிர்ந்துகொள்கிறது. வி.எம். தனிக் குடித்தனம் என்றால் இது கூட்டுக்குடும்பத்தில் ஒரு தனி அறை. சிஸ்டம்டியின் கருவி உள்ளுக்குள் இருக்கும் கடைசி அடுக்கை மட்டுமே சொல்லும். கன்டெய்னரே ஒரு வி.எம்.-க்குள் இருக்கலாம், கிளவுடில் பெரும்பாலும் அப்படித்தான். அப்போது கட்டளையோடு ஒரு சிறு கோடும் வி எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் கன்டெய்னரை விட்டுவிட்டு வி.எம். பதிலை மட்டும் தரும்.

டபிள்யூஎஸ்எல்-இல் முதல் பதிப்பு வி.எம். கிடையாது, விண்டோஸ் கெர்னல் செய்த மொழிபெயர்ப்பு வேலை. இரண்டாம் பதிப்பு ஹைப்பர்-விமேல் ஓடும் அசல் வி.எம்.

படி 4: மேக்

டெர்மினலில் சிஸ்சிடிஎல் கட்டளையோடு கெர்ன் புள்ளி எச்வி_விஎம்எம்_ப்ரெசென்ட் என்று கொடுங்கள். 1 என்றால் வி.எம்., 0 என்றால் நிஜம். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ஓடும் மேக்ஓஎஸ் கெஸ்ட் தன் மாடலையே "விர்ச்சுவல்மேக்2,1" என்று சொல்லிக்கொள்ளும். மேக்கில் இதைவிடத் தோண்டவேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

படி 5: சாதனங்கள்

மாடல் பெயரை மாற்றி வைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தால் சாதனங்களைப் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், லினக்ஸில் எல்எஸ்பிசிஐ. டிஸ்க்கின் பெயர் "விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்", "க்யூஎமு ஹார்ட்டிஸ்க்", "விஎம்வேர் விர்ச்சுவல்" என்று தொடங்குகிறதா? திரை அட்டை "விஎம்வேர் எஸ்விஜிஏ 3டி" என்கிறதா? ரெட் ஹாட் விர்ட்ஐஓ என்று நெட்வொர்க் அட்டை இருக்கிறதா? அந்தப் பெயரில் ஓர் அட்டையைக் கையில் வாங்கியவர் யாருமில்லை.

டிரைவர் இல்லாமல் பெயர் தெரியாவிட்டாலும் பிசிஐ எண் காட்டிக்கொடுக்கும். 15ஏடி என்றால் விஎம்வேர், 1ஏஎஃப்4 என்றால் விர்ட்ஐஓ, 1414 என்றால் மைக்ரோசாஃப்ட், 80இஇ என்றால் விர்ச்சுவல்பாக்ஸ். விர்ச்சுவல்பாக்ஸின் திரை அட்டை எண்ணை ஆங்கில எழுத்தாக வாசித்தால் "பீஃப்", கெஸ்ட் சேவைச் சாதனத்தின் எண் "கஃபே". பதினாறு நிலை எண்களில் ஏ முதல் எஃப் வரை எழுத்து வருவதால் கிடைத்த விளையாட்டு. எழுதியவர்களுக்கு அன்று நல்ல பசி போல.

நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரியும் பேசும் (ஆப்பிள் மேக் இல்லை, ஒவ்வொரு அட்டைக்கும் உள்ள அடையாள எண்). முதல் மூன்று ஜோடி 08:00:27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ். 00:50:56 அல்லது 00:0சி:29 என்றால் விஎம்வேர். 52:54:00 என்றால் க்யூஎமு-கேவிஎம். 00:15:5டி என்றால் ஹைப்பர்-வி. ஆனால் இதைத் தனிச் சாட்சியாக வைத்து ஒருபோதும் தீர்ப்பு எழுதாதீர்கள். உங்கள் நிஜ லேப்டாப்பில் விஎம்வேர் நிறுவியிருந்தால், கெஸ்ட்டுகளோடு பேச அதுவே சில போலி அட்டைகளை ஹோஸ்ட்டில் உருவாக்கும். அவற்றின் முகவரியும் 00:50:56 என்றே தொடங்கும். டபிள்யூஎஸ்எல் 2 உள்ள மெஷினில் 00:15:5டி வரும். இணையத்துக்குப் போகும் அட்டை எதுவோ, வைஃபையோ கேபிள் செருகியதோ, அதன் முகவரியைப் பாருங்கள். மேக் முகவரியை மாற்றுவது வி.எம். அமைப்பில் ஒரு நிமிட வேலை என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 6: பிராசஸரையே கேட்பது

மேலே சொன்ன கருவிகள் பலவும் கடைசியில் வந்து நிற்கும் இடம் சிபியுஐடி என்ற ஒரு கட்டளை. இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் எந்த நிரலும் இதைக் கூப்பிட்டு, "நீ யார், உனக்கு என்னென்ன தெரியும்" என்று கேட்கலாம். கேள்வி எண் 1-க்கு வரும் பதிலில் ஈசிஎக்ஸ் பதிவகத்தின் 31-வது பிட் ஹைப்பர்வைசருக்கென்றே ஒதுக்கப்பட்டது. நிஜ பிராசஸரில் எப்போதும் 0. ஹைப்பர்வைசர் இருந்தால் அது 1 என்று மாற்றி வைக்கும். லினக்ஸில் ப்ராக் கோப்புறையின் சிபியுஇன்ஃபோ கோப்பில் "ஹைப்பர்வைசர்" என்ற கொடி தெரிவது இதனால்தான்.

அந்த பிட் 1 என்றால் அடுத்து பதினாறு நிலை எண்ணில் 40000000 என்று கேள்வி கேட்கலாம். பன்னிரண்டு எழுத்தில் ஒரு கையெழுத்து வரும். விஎம்வேர் என்பது ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, ஆகவே இரண்டு தடவை: "விஎம்வேர்விஎம்வேர்". கேவிஎம் மூன்று எழுத்து, மூன்று தடவை சொல்லி மிச்சத்தைக் காலியாக விடுகிறது. ஸென்னும் பெயரை இரட்டிக்கிறது. பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயரைத் திரும்பத் திரும்பக் கூவுவதுபோல. மைக்ரோசாஃப்ட் மட்டும் "மைக்ரோசாஃப்ட் எச்வி" என்று ஒரே தடவையில் பன்னிரண்டை நிரப்பிவிடுகிறது.

இந்த வசதியெல்லாம் நிலைபெறாத காலத்தில், 2004-இல், யோவன்னா ருட்கோவ்ஸ்கா என்ற போலந்து ஆராய்ச்சியாளர் "ரெட் பில்" என்ற மிகச் சிறிய நிரலை வெளியிட்டார். எஸ்ஐடிடி என்ற ஒரே கட்டளை. இடையீட்டு அட்டவணை (குறுக்கே வரும் அழைப்புகளை பிராசஸர் எப்படிக் கவனிப்பது என்ற பட்டியல்) நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். சாதாரண நிரலும் கூப்பிடலாம், தடையில்லை. அன்றைய விஎம்வேர் அந்த அட்டவணையை வழக்கமில்லாத உயரத்தில் வைத்திருந்ததால் முகவரியைப் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தது. 2005-06-இல் இன்டெல் விடி-எக்ஸ், ஏஎம்டி-வி என்று பிராசஸரிலேயே வசதி வந்ததும் கெஸ்ட்டுக்குத் தன் அட்டவணையைத் தன் இடத்திலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. பல கோர் பிராசஸரில் ஒவ்வொரு கோருக்கும் ஓர் அட்டவணை என்பதால் பதில் முன்பே தடுமாறத் தொடங்கியிருந்தது. இணையத்தில் இந்த நிரலை இன்றும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வேண்டாம்.

பலகையைக் கழற்றினாலும் மிஞ்சுவது பொப்பெக்கும் கோல்ட்பர்க்கும் விட்டுவைத்த விதிவிலக்கு: நேரம். இன்டெல் விடி-எக்ஸில் கெஸ்ட் சிபியுஐடியைக் கூப்பிட்டால், ஒவ்வொரு தடவையும் வேலை நின்று ஹைப்பர்வைசரிடம் போய்த் திரும்பவேண்டும், தவிர்க்க வழியில்லை. ஆகவே அதற்கு முன்னும் பின்னும் ஆர்டிடிஎஸ்சி என்ற கடிகாரக் கட்டளையை வைத்து அளந்தால், நிஜ மெஷினில் சில நூறு சுழற்சிக்குள் முடிவது கெஸ்ட்டில் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு தடவை அளந்து முடிவு செய்யக்கூடாது. ஆயிரக்கணக்கில் அளந்து நடு மதிப்பைப் பாருங்கள். இதிலும் விண்டோஸ் பொறி உண்டு: அடியில் ஹைப்பர்-வி படுத்திருக்கும் நிஜ லேப்டாப்பும் தாமதமாகத்தான் பதில் சொல்லும்.

பலகையை யார் கழற்றுகிறார்கள்?

இரண்டு கூட்டம். முதலாவது, வி.எம்.-க்குள் கேம் விளையாடுகிறவர்கள். என்விடியாவின் ஜீஃபோர்ஸ் டிரைவர், தான் வி.எம்.-இல் இருப்பது தெரிந்தால் 43 என்ற பிழை எண்ணோடு பல வருஷம் மறுத்துக்கொண்டிருந்தது. அதற்காகவே கேவிஎம் அமைப்பில் ஹிடன் என்ற வசதியைப் போட்டு கையெழுத்தை மறைத்தார்கள். 2021-இல் என்விடியாவே அந்தத் தடையைத் தளர்த்தியது. விஎம்வேரிலும் 31-வது பிட்டை அணைக்கவும், ஹோஸ்ட்டின் தயாரிப்பாளர் பெயரை கெஸ்ட்டுக்குக் காட்டவும் அமைப்புகள் இருக்கின்றன.

இரண்டாவது, வைரஸ்களைப் பிரித்துப் பார்க்கும் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள். தீய நிரல்கள் பல முதலில் செய்யும் காரியம், நாம் இதுவரை செய்த இதே சோதனைகள்தான். வி.எம். என்று தெரிந்தால், "இது சோதனைக்கூடம்" என்று எண்ணி சாதுவாக அடங்கிவிடும். ஆகவே ஆராய்ச்சியாளர் கூடத்தை நிஜ வீடுபோல ஜோடிக்கிறார். எவ்வளவு நன்றாக ஜோடித்திருக்கிறோம் என்று பார்க்க பாஃபிஷ், அல்-கஸர் என்ற இலவசக் கருவிகள் உண்டு; டஜன் கணக்கான சோதனைகளை வரிசையாக ஓட்டி எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்று காட்டும். உங்கள் சொந்த வி.எம்.-இல் ஓட்டிப் பாருங்கள். அலுவலக மெஷினில் வேண்டாம், ஆன்டிவைரஸ் கத்தும்.

கிளவுடில் எதிர்த்திசையில் ஒரு வேடிக்கை. அமேசானில் "மெட்டல்" என்று முடியும் வகைகள் நிஜ இயந்திரங்கள். முழு வன்பொருளும் உங்களுக்கே. ஆனால் தயாரிப்பாளர் பெயர் அங்கேயும் "அமேசான் இசி2"தான். பெயரை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் அதையும் வி.எம். என்றுவிடும். மாடல் பெயரின் வாலையும், சிபியு கொடிகளில் ஹைப்பர்வைசர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 7: சர்வர் கொடுத்தவரிடம் கேட்பது

நண்பரின் கதைக்கு வருகிறேன். கோபத்தில் "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதப் போனவரை நிறுத்தி, ஆதாரம் சேர்க்கச் சொன்னேன். சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் பதில்: கேவிஎம். எல்எஸ்சிபியு-வில் ஹைப்பர்வைசர் வெண்டர் வரி. டிஎம்ஐடிகோட் காட்டிய, முத்திரை இல்லாத ரேம். மூன்றும் ஒரே கதையைச் சொல்லின, இடிக்கவில்லை.

நாலாவதாக டாப் கட்டளை. அதில் சிபியு வரியின் கடைசியில் எஸ்டி என்று ஓர் எண் இருக்கும். ஸ்டீல், அதாவது திருட்டு. உங்கள் வி.எம். ஓடத் தயாராக இருந்தும், ஹைப்பர்வைசர் வேறு யாருக்கோ பிராசஸரைக் கொடுத்ததால் காத்திருந்த நேரத்தின் சதவீதம் அது. நிஜ மெஷினில் 0-வாகவே இருக்கும். நண்பரின் சர்வரில் மத்தியானம் ஒன்றிரண்டு, சாயங்காலம் இருபதைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்த நேரத்தில்தான் வேலை அதிகம் போல. டேட்டாபேஸ் நொண்டியதற்குக் காரணம் அங்கே இருந்தது.

ஒரு வாரத்துக்கு எஸ்டி எண்ணைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, நாலு வெளியீடுகளையும் இணைத்து, ஒப்பந்தத்தில் "தனி இயந்திரம்" என்று இருந்த வரியையும் எடுத்துப் போட்டு அனுப்பினார். குற்றச்சாட்டு ஒரு வார்த்தைகூட இல்லை. மூன்றாம் நாள் வேறொரு மெஷின் தந்தார்கள். ஏறிப் பார்த்தவுடன் அவர் எனக்கு அனுப்பிய படத்தில் சேஸிஸ் "சர்வர்" என்று இருந்தது. ரேமுக்கு சீரியல் எண் இருந்தது. விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றுகூடத் தெரிந்தது. படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "போர்டு 2019. பரவாயில்லை, வயசு குறைஞ்சிருக்கு."